டென்ட்டு போடறதுக்கு முன்னாடி கக்கூஸ் கட்டுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் வாசகர் பக்கத்துல புதுச்சேரிக்காரர் ஒருத்தர் எழுதி இருந்தாரு. நம்ம கடக்கரைல டென்ட்டு போட்டு ராத்திரி தங்கற மாதிரி ஏற்பாடு வந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா நம்ம ஜனங்களுக்கு அது சரிப்படாது, வெள்ளைக்காரனுக்கு ஒழுக்கம் ரத்தத்துலயே இருக்கு, நம்மாளு தின்ன எடத்துலயே எலைய போட்டுட்டு எந்திரிச்சு போயிடுவான், அதனால வேணாம்னு முடிச்சிருந்தாரு. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடுங்க.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல பந்தல், சாமியானா, சேர், ஜமக்காளம் வாடகைக்கு விடற தொழில் பண்றவன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சி மீட்டிங்கு எல்லாத்துக்கும் போட்டாச்சு, மாசி மகத்துக்கு சாமிங்க எல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்கு வரும்ல, அதுக்கும் பந்தல் போட்டிருக்கேன். கயிறு, முளை, காத்து இந்த மூணையும் பத்தி யார் பேசினாலும் நான் நடுவுல வாயக் குடுப்பேன். அது ஒன்னு. இன்னொன்னு, அவரு சொல்ற அந்த வெள்ளைக்காரன் ஊர் டென்ட்டுலயே படுத்து எந்திரிச்சு வந்தவன் நான். அங்க நான் பாத்தது ரத்தத்துல இருக்கற ஒழுக்கம் எல்லாம் ஒன்னும் இல்லீங்க. ஏற்பாடு. ஏற்பாடு இருக்கற எடத்துல ஒழுங்கா இருக்காங்க, இல்லாத எடத்துல நம்மள மாதிரியேதான் இருக்காங்க.

என் பொண்ணும் மாப்ளையும் அலாஸ்கால ஆங்கரேஜ் ஊர்ல இருக்காங்க. அலாஸ்கான்னா அமெரிக்கா மேப்புல தனியா மேல ஒட்டிக்கிட்டு இருக்குமே அதான், நடுவுல கனடா வந்துடும். 1867ல ரஷ்யாக்காரன்கிட்ட 72 லட்சம் டாலருக்கு வாங்கினாங்களாம், நம்ம ஈசிஆர்ல இப்ப மனை விக்கிற வெலைக்கு அது ஒரு காசா. நானும் வீட்டம்மாவும் ஜூலைல போயிருந்தோம். மாப்ள ஒரு நாள் "மாமா, கடக்கரைல டென்ட்டு போட்டு தங்கலாமா"ன்னு கேட்டாரு. எங்க வீட்டம்மா "வாடகை குடுக்கற வீடு இருக்கறப்ப எதுக்கு மாப்ள வெளில போய் படுக்கணும்"னு கேட்டுச்சு, பொண்ணு சமாதானம் பண்ணி கூட்டிக்கிட்டு போச்சு.

ஆங்கரேஜ்ல இருந்து தெக்கால கீனாய் தீபகற்பம்னு இருக்கு, அதுல ஹோமர்ங்கற ஊர் வரைக்கும் ரோடு போவுது, ஹோமருக்கு கொஞ்சம் முன்னாடி ஆங்கர் பாயின்ட். நங்கூர முனைன்னு சொல்லலாம், 1778ல கேப்டன் குக் கப்பல்ல வந்தப்ப இங்க ஒரு நங்கூரத்த தொலைச்சிட்டு போனாருன்னு சொல்லிக்கிறாங்க. வட அமெரிக்கா ஹைவேல கார்ல போகக்கூடிய மேற்கு மூலை இதான்னு அங்க ஒரு போர்டு இருக்கு, எல்லாரும் நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க, நாங்களும் எடுத்துக்கிட்டோம். ஆங்கர் ஆறு அங்கதான் வந்து கடல்ல சேருது, நம்ம கெடிலம் மாதிரி சின்ன ஆறுதான், ஆனா தண்ணி ஓடுது. அந்த ஆத்த ஒட்டி அலாஸ்கா கவர்மென்ட்டு சின்னச் சின்னதா கேம்ப் எடம் வெச்சிருக்கு, அதுல கடலோரமா இருக்கறதுக்கு ஹாலிபட்னு பேரு, அது ஒரு மீனு பேரு, தட்டையா கதவு சைசுக்கு கூட வளருமாம்.

இப்ப அந்த எடத்துல என்னா இருக்குன்னு சொல்றேன், கேட்டா சிரிப்பீங்க. ஒரு டென்ட்டு போடற அளவுக்கு சமமாக்கின எடம், கார் நிறுத்த எடம், ஒரு மர மேஜை பெஞ்சு, நெருப்பு போட இரும்பு வளையம், குடிக்க தண்ணி, கக்கூஸ், குப்பைத் தொட்டி. அவ்ளோதான். கரண்ட் இல்ல. ரிசப்ஷன் இல்ல, ரூம் சர்வீஸ் இல்ல, வெல்கம் ட்ரிங்க் இல்ல. கேட்டுல வாட்ச்மேனும் இல்ல. ஒரு போர்டு பக்கத்துல கவர் வெச்சிருக்காங்க, பேரு, வண்டி நம்பர், எத்தன நாளு எல்லாம் அது மேல எழுதி, சுமார் 20 டாலர் உள்ள வெச்சு, ஒட்டி, ஒரு இரும்புக் கொழாய்ல போடணும், கவர்ல கிழிக்கற துண்ட எடுத்து நம்ம எடத்துல இருக்கற கட்டைல மாட்டி வெக்கணும். நான் மாப்ளைகிட்ட "போடாம போனா யாருக்கு தெரியும்"னு கேட்டேன். "ரேஞ்சர் வருவாரு மாமா, கட்டைல துண்டு இல்லைன்னா ஃபைன்"னாரு. அதான் சொல்றேன், நம்பிக்கைக்கு பின்னாடி ஒரு ரேஞ்சர் இருக்காரு. வாசகர் கடிதம் எழுதினவரு நம்பிக்கைய மட்டும் பாத்தாரு.

அதே மாதிரிதான் குப்பை. அந்த ஏரியால கருப்புக் கரடி, பழுப்புக் கரடி ரெண்டும் உண்டு. கரடிக்கு மோப்பம் அபாரம். சோத்து வாசன பட்டா வந்துடும், வந்து ஒரு தடவ ருசி பாத்துட்டா தெனம் வரும், அப்புறம் ஆள் மேல பயம் போயிடும், கடைசில அந்தக் கரடியத்தான் சுட வேண்டி வரும். அதனால டென்ட்டுக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட வெக்கக் கூடாது, டூத்பேஸ்ட்டு, சோப்பு கூட காருக்குள்ள வெச்சு பூட்டணும். என் வீட்டம்மா கட்டிக்கிட்டு வந்த புளிசாதம் பாத்திரத்த பொண்ணு ராத்திரில எடுத்துட்டு போய் கார்ல வெச்சு பூட்டிச்சு, எங்க வீட்டம்மா "என் புளிசாதத்துக்கு கரடியே வருதா"ன்னு பெருமையா கேட்டுச்சு. குப்பைத் தொட்டியும் இரும்பு, கரடி தொறக்க முடியாத தாழ்ப்பாள். சாப்பாடு குப்பைய வெளில போட்டு வெச்சா சட்டப்படி குத்தம். ஆக அங்க தரை சுத்தமா இருக்கறதுக்கு மொத காரணம் கரடி, ரெண்டாவது ஃபைன், மூணாவது தொட்டி கிட்டக்க இருக்கறது, தொட்டிய லாரி வந்து நேரத்துக்கு எடுக்கறது. ஒழுக்கம் நாலாவதா அஞ்சாவதா வருது.

நமக்கு கரடி இல்ல, தெருநாயும் காக்காவும் இருக்கு. எங்க கடலூர் சில்வர் பீச்சுல வெக்கிற பிளாஸ்டிக் தொட்டிய நாய் சாய்ச்சிடுது, காக்கா இழுத்துடுது, காத்து மிச்சத்த கடலுக்கு கொண்டு போவுது, அப்புறம் ஜனங்க குப்பை போடறாங்கன்னு எழுதறோம். மூடி போட்ட இரும்புத் தொட்டி வெல்டிங் கடைல சொன்னா அடிச்சுக் குடுப்பாங்க, அது ஒன்னும் அமெரிக்கா சமாச்சாரம் இல்ல.

இதுக்கு எதிர்ப்பக்கமும் பாத்தேன், அத சொன்னாத்தான் கணக்கு நேராவும். அதே தீபகற்பத்துல கீனாய்னு ஒரு டவுன், கீனாய் ஆறு கடல்ல சேர்ற எடம். ஜூலை 10ல இருந்து 31 வரைக்கும் அங்க அலாஸ்காவுல குடியிருக்கறவங்க மட்டும் கைவலைல சால்மன் மீன் அள்ளிக்கலாம்னு சட்டம் இருக்கு, 5 அடி அகலம் வரைக்கும் வளையம் வெச்ச வலை, நீளமான கம்பு, இடுப்பளவு தண்ணில நின்னு புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, மீனு தானா வந்து விழும். குடும்பத் தலைவருக்கு 25, கூட ஒவ்வொருத்தருக்கும் 10 மீனு. விக்கக் கூடாது, வீட்டுக்கு மட்டும். மாப்ள கூட்டிக்கிட்டு போனாரு, அவரு அங்க குடியிருக்கறதால புடிக்கலாம், நாங்க வேடிக்க பாக்கத்தான். அம்மாடி, என்னா கூட்டம். ஆங்கரேஜ்ல இருந்து ஜனம் மொத்தமும் எறங்கி வந்த மாதிரி, கடக்கரை பூரா டென்ட்டு, ஒன்னு மேல ஒன்னு இடிக்கற மாதிரி, மீன அங்கயே அறுத்து தலை, கொடலு எல்லாம் மணல்ல, அது மேல கடக்காக்கா கூட்டம், நாத்தம் நம்ம கடலூர் முதுநகர் மீன் எறங்குதளம் தோத்துச்சு. கீனாய் முனிசிபாலிட்டி டிராக்டர்ல கலப்ப மாதிரி ஒன்ன மாட்டி அந்தக் கழிவ வாரி வாரி தண்ணிக்கு தள்ளுது, அந்த செலவுக்காகத்தான் வண்டி நிறுத்தவும் தங்கவும் காசு வாங்கறாங்க. இந்த ஜனம் யாரு? ஆங்கர் பாயின்ட்ல மேஜைய தொடச்சு வெச்சுட்டு போன அதே ஜனம்தான். அதே மாநிலம், அதே ரத்தம், கூட்டம் வேற, ஏற்பாடு வேற, அதுலயே எல்லாம் மாறிப்போச்சு.

கூட்டம்னு சொன்னேன்ல, அதுதான் நான் சொல்ல வர்றதுல முக்கியமான சமாச்சாரம். ஹாலிபட் கேம்ப்ல இத்தன எடம்னு கட்டை நட்டு நம்பர் போட்டிருக்கு. மொதல்ல வந்தவங்களுக்கு மொதல்ல. நெறைஞ்சு போச்சுன்னா நெறைஞ்சு போச்சு, அடுத்த எடம் பாத்துக்கிட்டு போவணும், எம்எல்ஏ சொன்னாரு, கவுன்சிலர் சொன்னாருன்னு நடுவுல ஒரு டென்ட்டு சொருக முடியாது. ரெண்டு எடத்துக்கு நடுவுல புதர விட்டு வெச்சிருக்காங்க, பக்கத்து டென்ட்டுக்காரன் பேசறது கேக்காது. கோடை முழுக்க ஒருத்தரு அங்கயே வண்டில குடி இருந்து பாத்துக்கறாரு, ஹோஸ்ட்டுன்னு சொல்றாங்க, வாலன்டியரு, ரிட்டயர் ஆனவங்க நெறைய பேர் அப்படி வருவாங்களாம். காலைல ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு, வெறகு வேணுமான்னு கேப்பாரு. அங்க ஸ்ப்ரூஸ் மரத்த வண்டு தின்னு லட்சக்கணக்கான ஏக்கர் காடு பட்டுப் போச்சு 1990கள்ல, இப்பவும் தின்னுக்கிட்டுதான் இருக்கு, அதனால காஞ்ச வெறகுக்கு பஞ்சம் இல்ல.

இப்ப கக்கூஸ் கதைக்கு வர்றேன், தலைப்புலயே போட்டுட்டேன். எங்க வீட்டம்மா அங்க போற வரைக்கும் கவலப்பட்டது கரடிக்கு இல்ல, கக்கூசுக்கு. போய் பாத்தா தண்ணி கொழாயே இல்ல, உள்ள ஒரு பீடம், கீழ பெரிய தொட்டி. எங்க ஆளு பாட்டில்ல தண்ணி ரொப்பி எடுத்துக்கிட்டுதான் போச்சு, அத விடுங்க. ஆனா நாத்தம் கம்மி. ஏன்னு நான் சுத்தி சுத்தி வந்து பாத்தேன். அடில இருக்கற தொட்டி கசியாத காங்கிரீட்டு, மூடின தொட்டி, அதுல இருந்து தடிமனா ஒரு கருப்பு பைப்பு கூரைக்கு மேல போவுது, வெயில் பட்டு பைப்பு சூடாவுது, மேல காத்து அடிக்குது, உள்ள இருக்கற நாத்தத்த அந்த பைப்பு மேல இழுத்துடுது, ரூமுக்குள்ள வர்றது வெளிக்காத்து. ரொம்பிச்சுன்னா லாரி வந்து உறிஞ்சிக்கிட்டு போவும். நம்ம கடக்கரைக்கு இதுதான் வேணும்ங்க. தேவனாம்பட்டினத்துலயோ வீராம்பட்டினத்துலயோ மணல ரெண்டு ஆள் ஆழம் தோண்டறதுக்கு முன்னாடியே தண்ணி வந்துடும், அங்க போய் உறை எறக்கி கக்கூஸ் கட்டினா அது நேரா ஊரு போர் தண்ணில கலக்கும். மூடின தொட்டின்னா கலக்காது, செப்டிக் டேங்க் லாரி நம்ம ஊர்லயும் ஓடுது. தண்ணி ஊத்தி கழுவற ஜனம் நாம, அதனால தொட்டி சீக்கிரம் ரொம்பும், லாரி அடிக்கடி வரணும், அந்தக் காசயும் கணக்குல சேத்துக்கிட்டுதான் வாடகை போடணும்.

சட்டமும் இதுக்கு குறுக்க நிக்கல. 2019 ஜனவரில வந்த கடலோர மண்டல அறிவிக்கைல பீச்சுல தற்காலிகமா கக்கூஸ், துணி மாத்தற ரூமு, குடிதண்ணி, உக்கார எடம் எல்லாம் வெச்சுக்கலாம்னு இருக்கு, கடல் ஏத்தத்துல தண்ணி எட்டற கோட்டுல இருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கணும். புதுச்சேரி சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச்சுக்கு 2021ல ப்ளூ ஃப்ளாக்னு சுத்தமான பீச்சுக்கு குடுக்கற சான்று குடுத்தாங்க, அங்க கக்கூஸ், ஷவர், லைஃப்கார்டு எல்லாம் இருக்கு, டிக்கெட் வாங்கிட்டு போறது நம்ம ஜனம்தான், அங்க மட்டும் எப்படி ஒழுங்கா நடந்துக்கறாங்க? புதுச்சேரிக்காரரு தன் ஊர் பீச்சையே மறந்துட்டு எழுதி இருக்காரு, அதான் எனக்கு வருத்தம்.

கடல் சமாச்சாரம் ஒன்னு. ஆங்கர் பாயின்ட்ட ஒட்டி இருக்கற கடலுக்கு குக் இன்லெட்னு பேரு, அதுல அலை பெருசா இல்ல, ஆனா ஏத்தவத்தம் பயங்கரம். நம்ம பக்கம் மூணு அடி ஏறினா பெருசு, அங்க ஹோமர் பக்கம் 20 அடிக்கு மேல ஏறி எறங்குது, ஆங்கரேஜ் பக்கம் 30 அடி கூட. காலைல கடல் பக்கத்துல இருக்கும், மத்தியானம் பாத்தா எங்கயோ போயிருக்கும். அதுக்குன்னு ஒரு குட்டி புக்கு கடைல வெச்சிருக்காங்க, எந்த நாள் எத்தன மணிக்கு ஏறும், எத்தன மணிக்கு வத்தும்னு, எல்லார் கார்லயும் அது இருக்கு. நம்ம மீனவங்க அமாவாசை பௌர்ணமி கணக்குல மனசுலயே வெச்சிருக்கறத அவங்க அச்சுல வெச்சிருக்காங்க. அப்புறம் போட்டு எறக்கறது! ஆங்கர் பாயின்ட்ல ஜெட்டி இல்ல. பெரிய சக்கரம் வெச்ச டிராக்டரு போட்டோட டிரெய்லர மாட்டி நேரா அலைக்குள்ள தள்ளிக்கிட்டு போவுது, போட்டு மெதந்ததும் டிராக்டர் திரும்பி வருது. நம்ம ஊர்லயும் ஃபைபர் போட்ட டிராக்டர் வெச்சு கரைக்கு இழுக்கறாங்கல்ல, மாப்ளைகிட்ட சொன்னேன், அவருக்கு தெரியல, அவரு கோயமுத்தூர்.

எதிர்க்கரைல பனி மூடின எரிமலை, இலியம்னா, ரிடவுட்டு, ரெண்டும் 10 ஆயிரம் அடிக்கு மேல. ரிடவுட்டு 2009ல வெடிச்சுது. ராத்திரி பதினொன்னரைக்கு பக்கத்துலதான் சூரியன் எறங்குது, எறங்கினாலும் முழுசா இருட்டாவல, தூக்கம் வராம உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். சரி அது என் சொந்த சந்தோஷம், லெட்டருக்கு வேணாம். லெட்டருக்கு வேண்டியது என்னன்னா, கடலோரமா போற ரோட்டுல சுனாமி வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு நீல போர்டு வெச்சிருக்காங்க. 1964 மார்ச் 27ல அங்க 9.2 அளவு பூகம்பம், அமெரிக்காவுலயே பெருசு அதான், சுனாமி வந்து ஊரு ஊரா அடிச்சிட்டு போச்சு, ஹோமர்ல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற மணல் திட்டு பல அடி எறங்கிடுச்சு. 60 வருஷம் ஆகியும் மறக்காம போர்டு வெச்சிருக்காங்க. நமக்கு 2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினத்துல என்னா ஆச்சுன்னு நான் எழுத வேண்டியதில்ல, கடலூர்ல யார கேட்டாலும் சொல்லுவாங்க. வெளியூர்ல இருந்து வந்து டென்ட்டுல தூங்கறவனுக்கு எந்தத் தெருல ஓடினா மேட்டுக்கு போவலாம்னு தெரியுமா? தங்க எடம் குடுக்கறவங்க அத சொல்லித்தான் ஆவணும்.

எனக்கு பயம் என்னன்னா இது எந்த ரூபத்துல வரும்ங்கறதுதான். பீச் டூரிசம்னு சொன்னதும் நம்ம ஆளுங்க மனசுல ஓடறது வேற. ஏசி டென்ட்டு, கட்டிலு, சீரியல் செட்டு, டிஜே, கேம்ப் ஃபயர்னு சொல்லிட்டு டயர கொளுத்தறது, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரில பாட்டில வாங்கிட்டு வந்து விடியற வரைக்கும் கூச்சல். ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு மூவாயிரம் நாலாயிரம். அந்த மாதிரி வந்தா எனக்கு லாபம்தான், சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் என்கிட்டதான் வாடகைக்கு எடுப்பாங்க, இருந்தும் சொல்றேன், வேணாம். ஏன்னா நம்ம கடக்கரைல டென்ட்டு போட நல்ல காலம்னு பாத்தா ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுதான். ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்தும் மழையும், சித்திரை வைகாசில டென்ட்டுக்குள்ள வெந்துடுவோம். அந்த நல்ல மாசத்துலதான் பங்குனி ஆமை ராத்திரில கரை ஏறி முட்ட போடுது. ஒரு குழில நூறு முட்ட கிட்ட இருக்கும். குஞ்சு பொரிச்சதும் வெளிச்சம் இருக்கற பக்கம் போவும், கடல் மேல இருக்கற வெளிச்சத்த பாத்து போவ வேண்டியது நம்ம சீரியல் செட்ட பாத்து ரோட்டுக்கு போவும். வனத்துறைக்காரங்களும் பசங்களும் ராத்திரி பூரா நடந்து முட்டைய எடுத்து பத்திரப்படுத்தறாங்க, அவங்க நடக்கற வழில நாம டிஜே வெக்கறதா? அலாஸ்கா கேம்ப்ல கரண்ட்டே இல்லன்னு சொன்னேன்ல, அது கொறை மாதிரி தெரியும், ஆனா நமக்கு அது ரெண்டு மடங்கு பொருந்தும்.

எடம் யாருதுங்கறதும் இருக்கு. மேப்புல காலி மணலா தெரியும், ஆனா காலி இல்ல. வலை காய வெக்கிற எடம், போட்டு ஏத்தற எடம், கரைவலை இழுக்கற எடம், கருவாடு காய வெக்கிற எடம், பசங்க வாலிபால் ஆடற எடம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, அப்ப விசைப்படகு கடலுக்கு போவாது, எந்தப் போட்டு எங்க நிக்கும்னு ஊர் பஞ்சாயத்த கேக்காம அதிகாரிங்க ஆபீஸ்ல உக்காந்து கட்டை நட்டா சண்டைலதான் முடியும். கிராமத்து ஆளுங்கள கூப்பிட்டு எந்த எடம் உங்களுக்கு எடஞ்சல் இல்லைன்னு கேட்டா அவங்களே காட்டுவாங்க, சவுக்குத் தோப்பு ஓரமா எடம் இருக்கு, காத்துக்கும் அது மறைப்பு. ஹோஸ்ட்டு வேலைய வயசாகி கடலுக்கு போறத நிறுத்தின ஒரு மீனவருக்கு சம்பளம் போட்டு குடுங்க, அலைய பாத்து இன்னிக்கு எறங்காதேன்னு சொல்ல அவரவிட யாரு இருக்கா. சாப்பாடு அந்த ஊரு பொம்பளைங்க செஞ்சு விக்கட்டும், சங்கரா வறுவலும் நெத்திலி கொழம்பும் இருக்கறப்ப டூரிஸ்ட்டு எதுக்கு நூடுல்ஸ் கிண்டணும்.

என் தொழில்ல இருந்து ஒன்னு சொல்லிடறேன். கடைல விக்கிற டென்ட்டோட வர்ற கம்பி முளை நம்ம பீச்சு மணல்ல நிக்காது, ஒரு ஜாண் கம்பிய பஞ்சு மாதிரி இருக்கற மணல்ல குத்தினா மத்தியானம் கடக்காத்து ஆரம்பிச்சதும் புடுங்கிக்கும். சாக்குல மணல ரொப்பி வாய தச்சு, நடுவுல கயித்த கட்டி, முழங்கால் ஆழத்துக்கு பள்ளம் எடுத்து படுக்க வெச்சு மூடி மிதிக்கணும். அதுக்கு அப்புறம் யானை இழுத்தாலும் வராது. வாசல கடல் பக்கம் வெக்கக் கூடாது, காத்து உள்ள பூந்து டென்ட்ட தூக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் முடியற வரைக்கும் ஒரு டென்ட்டும் கூடாது, முழுசா மூடிடணும். 2011 டிசம்பர் 30 விடியக்காலைல தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவுலதான் கரை ஏறிச்சு, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம்னாங்க, என் குடோன் ஷீட்டு ரெண்டு தெரு தள்ளி கெடந்துச்சு, பண்ருட்டி பக்கம் நூறு வருஷத்து பலா மரம் எல்லாம் சாஞ்சுது. அன்னிக்கு பீச்சுல டென்ட்டு இருந்தா என்னா ஆவறது. அலாஸ்காலயும் பனிக்காலத்துல பல எடத்த சங்கிலி போட்டு மூடிடறாங்க, மூடறது ஒன்னும் கேவலம் இல்ல.

ஒரு கொறையும் சொல்லிடறேன், இல்லைன்னா அமெரிக்கா புராணம் பாடறேன்னு சொல்லுவீங்க. கொசு. அந்தக் குளுருல, ஜூலைல பகல்லயே பதினைஞ்சு டிகிரி, அதுலயும் கொசு, நம்ம கடலூர் கொசுவ விட பெருசு. அதே மாதிரி நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கார் இல்லாம அங்க போறது கஷ்டம். நம்ம ஊர்ல அந்த கஷ்டம் இல்ல, கடலூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து சில்வர் பீச்சுக்கு டவுன் பஸ்சுலயே போய் எறங்கலாம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலில இருந்து ஒரு சாதாரண குடும்பம் புள்ள குட்டியோட வந்து ஒரு ராத்திரி கடல் சத்தம் கேட்டு படுத்துட்டு போவலாம், எடத்துக்கு 200 ரூபா வாங்கினா போதும். அதுக்குத்தான் கவர்மென்ட்டு செய்யணும்னு சொல்றேன், மூவாயிரம் நாலாயிரம் குடுக்கறவனுக்கு ரிசார்ட்டு ஏற்கனவே வேண்டிய மட்டும் இருக்கு.

அதனால கலெக்டர் ஆபீஸ்லயோ புதுச்சேரி சுற்றுலாத் துறைலயோ யாராவது இந்த லெட்டர படிச்சா, பதினைஞ்சு எடத்துக்கு மேல போடாதீங்க, லைட்டு போடாதீங்க, ஊர்க்காரங்கள மொதல்ல கேளுங்க. பொம்பளைங்களுக்கு தாழ்ப்பாள் ஒழுங்கா விழற கக்கூஸ், ஆம்பளைங்களுக்கு தனி, தெனம் கழுவ ஆளு, அந்த ஆளுக்கு மாசம் பொறந்தா சம்பளம், இதெல்லாம் ஓட ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆனப்புறம் என்ன கூப்பிடுங்க. பதினைஞ்சு டென்ட்டும் மணல் சாக்கும் கயிறும் நானே கொண்டாந்து கட்டிக் குடுக்கறேன், மொத சீசனுக்கு வாடகை வேணாம். கக்கூஸ் கட்டாம கேட்டு வந்தா குடோன் சாவி கெடைக்காது.

இப்படிக்கு,
பந்தல் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.